மூன்று நாள் மௌனம்

அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்திலேயே ஒரு படம் உண்டு. பல நிறக் கைகள் சேர்ந்து ஒரு பூமிப் பந்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். அடியில், "நாங்கள் சமூகத்தைத் தாங்குகிறோம்" என்று தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார். தாங்குகிற அத்தனை கைகளில் சம்பளம் வாங்குகிற கை ஒரே ஒரு ஜோடிதான். அந்த ஜோடிக்குச் சொந்தக்காரி, பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டாம் மாடி அறையில், பிரிண்டருக்குள் சிக்கிக்கொண்ட காகிதத்தை உருவிக்கொண்டிருந்தாள்.

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், காலணா வாங்காமல் எழுதுவார்கள். எழுதுவது மட்டும்தான் அவர்களுக்குப் பிடிக்கும். மென்பொருளின் இணைய முகவரியை வருஷா வருஷம் புதுப்பிப்பது, பெயரை வேறு எவனாவது சுருட்டிக்கொள்ளாமல் பதிவு செய்து வைப்பது, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் போடுவது, சர்வர் படுத்துவிட்டால் அதை வாடகைக்கு விட்டவனைக் கூப்பிட்டுக் கெஞ்சுவது, சண்டை முற்றினால் நடுவில் புகுந்து "இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்று எழுதுவது, இதெல்லாம் அறக்கட்டளையின் வேலை. அறக்கட்டளை என்றால் அவள். இப்படி இருபத்து மூன்று மென்பொருள்களுக்கு அவள் பதினோரு வருஷமாக வாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அவளை 'ஆபீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆபீஸுக்குச் சொல்லிவிட்டோம்" என்று ஒருவன் எழுதினால் அவள் தலையில் ஏதோ விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

காகிதம் பாதி கிழிந்து வந்தபோது போன் அடித்தது. அக்கா. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குத் தலைமை நர்ஸ். தங்கையிடம் நலம் விசாரிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

"ஏய், அடுத்த மாசத்துல அஞ்சு திங்கட்கிழமை வருதுடி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சு என்ன பண்றது? உங்க ஓசி சாப்ட்வேர் அஞ்சாவது திங்கள் வந்தா ஒரே நாற்காலியில ரெண்டு பேரைப் போடுது. போன தடவை ரெண்டு பேரும் ஆறாம் நம்பர் நாற்காலிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்கறாங்க. நான் யார் மடியில யாரை உட்கார வைக்கட்டும்?"

"சரி பண்ணியாச்சுக்கா. வெளியிட வேண்டியது மட்டும்தான் பாக்கி."

"'மட்டும்தான்'னு சொல்லாத. எங்க யூனிட்ல அப்படிச் சொன்னா டாக்டர் இன்னும் வரலைன்னு அர்த்தம். ஒருத்தருக்கு நாலு மணி நேரம் ஆகும்டி. இன்னிக்குப் போ, நாளைக்கு வான்னு அனுப்பினா ராத்திரி மூச்சு முட்டி எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வருவாங்க. வெளியிடுவியா மாட்டியா?"

"பாக்கறேன்க்கா."

"பாக்கறா," என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

அந்த மென்பொருளின் பெயர் 'வரிசை'. எந்த நோயாளி, எந்தக் கிழமை, எந்த நாற்காலி என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஓடியது. அதை எழுதிப் பராமரித்தவர் ஒரே ஆள். தாடி என்று பெயர். குழுவில் சேர்ந்த காலத்தில் போட்ட படத்தில் இருந்த தாடியால் வந்த பெயர். பகலில் குடிநீர் வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற உத்தியோகம், மிச்ச நேரமெல்லாம் 'வரிசை'. புதிய பதிப்பு எது வந்தாலும் அதில் தாடி தன் ரகசியச் சாவியால் முத்திரை குத்த வேண்டும். அந்தச் சாவியும் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு கோப்புதான். முத்திரை இல்லாத எதையும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் உள்ளே விடாது. ஐந்தாம் திங்கள் கோளாறுக்கு மருந்தை எழுதி முடித்துவிட்டு, "யாராவது சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தாடி மின்னஞ்சல் குழுவில் மூன்று முறை கேட்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோதிக்காததில் முத்திரை குத்தமாட்டேன் என்பது அவர் கொள்கை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவுக்கு அவருடைய நான்காவது கடிதம் வந்தது. "பதினான்கு வருடம் செய்துவிட்டேன். விலகிக்கொள்கிறேன். வழக்கப்படி, மூன்று நாட்களுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் இது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

அது அவர்களுடைய சட்டம். எதைச் செய்வதானாலும் குழுவில் எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஒருவர் ஆட்சேபித்தால் விவாதம். ஒருவரும் பேசாவிட்டால் சம்மதம். பொத்தானின் நிறத்தை மாற்றுவதிலிருந்து வருடாந்திரக் கூட்டத்தின் தேதி வரைக்கும் இப்படித்தான் நடந்தது. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன் காலை மூன்று நாள் முடிந்தது. ஒரு வரி வரவில்லை.

வியாழன் காலை தலைவரே கூப்பிட்டார். தலைவர் எங்கேயோ விமான நிலையத்தில் இருந்தார். அவர் எப்போதும் விமான நிலையத்தில்தான் இருப்பார். கட்டற்ற மென்பொருளின் எதிர்காலம் பற்றிப் பேசப் போய்க்கொண்டோ, பேசிவிட்டு வந்துகொண்டோ.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு அழகான மௌனம்! முதிர்ச்சியடைஞ்ச சமூகத்தோட அடையாளம் அது. இதை நான் என் அடுத்த உரையில சேக்கப்போறேன்."

"சார், சாவியை யார் வாங்கிக்கறது?"

"ஒப்படைப்புப் படிவம் இருக்குல்ல? அதை எடுத்துட்டு நேர்ல போங்க. மரியாதையா இருக்கும். பாராட்டுப் பலகை தயார். போட்டோ எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல காட்டணும்."

"படிவத்துல 'பெறுபவர்'னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"சமூகம்னு எழுதுங்க."

"கையெழுத்து?"

"சமூகத்தோட சார்பா நான் போட்டுடறேன்."

"உங்களுக்கு முத்திரை குத்தத் தெரியுமா சார்?"

அந்தப் பக்கம் யாரோ விமானம் ஏறச் சொல்லி அறிவித்தார்கள். "அதெல்லாம் சமூகம் பாத்துக்கும் மேடம். ரொம்பக் கஷ்டமா இருந்தா இருக்கவே இருக்கு, 'நிறைவு பெற்ற திட்டங்கள்' பக்கம். அதுல ஒரு நட்சத்திரத்தோட போட்டுடலாம்."

நிறைவு பெற்ற திட்டங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒன்பது இருந்தன. ஒன்பதும் செத்தவை. நட்சத்திரம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். பலகையைத் துணிப்பையில் வைத்தாள். கனமான கண்ணாடி. கணவனுக்குப் போன் போட்டு, "நான் ஊருக்குப் போயிட்டு வரேன், துணியை எடுத்து மடிச்சு வை," என்றாள். "எந்த ஊருக்கு?" என்று கேட்டான். சொன்னாள். "அங்க என்ன?" என்றான். பதினோரு வருஷமாக அவன் அதே தொனியில்தான் கேட்கிறான். "ஒருத்தர் விலகறார்," என்றாள். "சம்பளமே இல்லாத வேலையிலேர்ந்து எப்படி விலகறது?" என்று நியாயமாகத்தான் கேட்டான். ரயிலில் இரண்டு மணி நேரம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

தாடியின் வீடு நாலு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. லிப்டில் 'பழுது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையே பழுதாகியிருந்தது. கண்ணாடிப் பலகையைச் சுமந்து ஏறியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்த பெண்மணி ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அறக்கட்டளையிலேர்ந்து..."

"அட! நிஜமாவே மனுஷங்கதானா? பதினாலு வருஷமா எழுத்தா மட்டுமே வர்றீங்களேன்னு நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன். உள்ள வாங்க. ஏங்க! உங்க ஆபீஸ் வந்திருக்கு!"

உள்ளறையிலிருந்து வந்தவருக்கு முகத்தில் ஒரு மயிர் இல்லை. வழவழவென்று சிரைத்த முகம், தூங்காத கண், வாரியத்தின் பெயர் பொறித்த சட்டை. "லீவ் போட்டிருக்கேன் மேடம்," என்றார், ஏதோ திருட்டைப் பிடித்துவிட்டதுபோல. நடுக்கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதியில் காய்கறி, மறு பாதியில் மடிக்கணினி. 'வரிசை' அந்த அரை மேஜையிலிருந்துதான் நாற்பது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்பதை நினைத்ததும் அவளுக்கு ஆண்டறிக்கையின் பூமிப் பந்து ஞாபகம் வந்து, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"தலைவர் இதைக் கொடுக்கச் சொன்னார்." பலகையை நீட்டினாள்.

மனைவி வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். "'அயராத சேவைக்கு'. அயராதவரா? நாலு நாளா இந்த மனுஷன் குளிக்கப் போறப்பகூட போனை சோப்பு டப்பா பக்கத்துல வச்சுக்கிட்டுப் போறார். விலகினவங்க பண்ற வேலையா இது?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நானூறு பேரும் சும்மாதான் இருக்காங்க. அதான் உங்களுக்குப் பிரச்சனை."

தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரூல்னா ரூல்தான் மேடம். அந்த ரூலை எழுதினதே நான்தான். ஆரம்பத்துல எதைக் கேட்டாலும் யாருமே பதில் போடமாட்டாங்க. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், சரி, பேசாட்டி சம்மதம்னு வச்சுக்கலாம்னு எழுதினேன். நல்லாத்தான் வேலை செஞ்சது." மேஜையில் கிடந்த ஒரு வெங்காயத்தை உருட்டினார். "மத்தவங்களை விடுங்க. அந்த அரைப்புள்ளிகூட ஒரு வரி எழுதலை, பாத்தீங்களா?"

அரைப்புள்ளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை தாடி எழுதிய நிரலில் ஒரே ஒரு அரைப்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பத்தொன்பது கடிதம் எழுதியவன். குழுவில் வருகிற எல்லாவற்றையும் ஆட்சேபிப்பான். கூட்டத்தின் தேதியை ஆட்சேபிப்பான், மாற்றிய தேதியையும் ஆட்சேபிப்பான். 'ஆபீஸ்' நடுவில் புகுந்து சமாதானம் எழுதிய சண்டைகளில் பாதி அவன் கிளப்பியது.

"நான் குட் மார்னிங்னு எழுதினாலே எந்த ஊர்க் கணக்குலன்னு கேக்கிற ஆளு அவன். அவனுக்கே நான் போறது சரின்னு பட்டிருக்குன்னா..." தாடி கையை நீட்டினார். "படிவத்தைக் குடுங்க."

அவள் கொடுத்தாள். சட்டையிலிருந்து பேனாவை எடுத்தவர், எழுதப் போன இடத்தில் நின்றார். 'பெறுபவர்: சமூகம்' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"இது யாரு?"

"தலைவர் எழுதச் சொன்னார்."

"இவருக்கு வீட்டு விலாசம் இருக்கா மேடம்? போன் நம்பர்? மாசக் கடைசிக்குள்ள அந்த அஞ்சாம் திங்களுக்கு முத்திரை குத்துவாரா?"

"குத்தமாட்டார்," என்றாள் அவள். ரயில் களைப்போ, இடுப்பு வலியோ, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து சமாதானம் வரவில்லை. "எங்க அக்கா டயாலிசிஸ் நர்ஸுங்க. போன அஞ்சாம் திங்கள் ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் வந்து நின்னிருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டா தலைவர் வெள்ளிக்கிழமை கைதட்டு வாங்குவார், அடுத்த அஞ்சாம் திங்களும் அதே ரெண்டு பேர் அங்க நிப்பாங்க. போடாட்டி நீங்க இந்த மேஜையிலேயே கிடப்பீங்க. எனக்கு ரெண்டும் பிடிக்கலை. ஒரு போன் பண்ணிக்கறேன்."

அரைப்புள்ளியின் நம்பர் அவளிடம் இருந்தது. முன்பு ஒருமுறை குழுவிலிருந்து அவனை நீக்க வேண்டும் என்று புகார் வந்தபோது விசாரிக்க வாங்கியது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் ஒரு இன்ஜின் இருமி அணைந்தது.

"ஆபீஸா? என்ன, மறுபடி யாராவது புகாரா? ஸ்கூல் விட நாப்பது நிமிஷம் இருக்கு, சொல்லுங்க." பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். "ஒரே கேள்வி. தாடி சார் விலகறேன்னு எழுதினாரே, நீங்க ஏன் ஆட்சேபிக்கலை?"

அவன் கொஞ்சம் கோபமாகவே சொன்னான். "என்ன மேடம் இது? அந்த மனுஷன் பதினாலு வருஷத்துல தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். வாழ்க்கையில ஒரு தடவையாவது அவர் சொன்னதுக்கு வாயை மூடிக்கிட்டு இருப்போம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். இதுவும் தப்பா?"

தாடியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்னவோ தெரியவில்லை.

"அதோட," அரைப்புள்ளியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, "அந்த அஞ்சாம் திங்களை நான் சோதிச்சுப் பாத்தேன். திங்கள் சரி. ஆனா அஞ்சு வியாழன் வந்தா மறுபடி ஆறாம் நாற்காலியிலேயே போய் விழுது. எழுதலாம்னு நெனச்சேன். போற மனுஷனைப் போறப்ப எதுக்குக் குத்தணும்னு விட்டுட்டேன்."

"யோவ்!" என்று தாடி போனைப் பார்த்து எழுந்துவிட்டார். "வியாழன் எப்படிய்யா தப்பாப் போகும்? ஒரே கணக்குத்தானே?"

"யாரு? தாடியா? அங்கதான் இருக்கீரா? ஒரே கணக்கா? ஞாயித்துக்கிழமையை வாரத்தோட முதல் நாள்னு ஒரு இடத்துல எழுதியிருக்கீரு, கடைசி நாள்னு இன்னொரு இடத்துல எழுதியிருக்கீரு. நான் இதை நாலு வருஷம் முன்னாடியே ஆட்சேபிச்சேன்!"

"நீ எதைத்தான்யா ஆட்சேபிக்கலை? அதுல எதைன்னு நான் எடுத்துப் பாக்கறது?"

குழுவில் பதினோரு வருஷமாக 'தாங்கள்' போட்டுச் சண்டை போட்டவர்கள். முதல் நிமிஷத்திலேயே யோவ் ஆகிவிட்டது. தாடி மடிக்கணினியைத் திறந்தார், காய்கறி ஓரம் தள்ளப்பட்டது. வேனுக்குள் அவனும் ஒன்றைத் திறந்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் முட்டி ஹாரன் ஒருமுறை அடித்தது. ஆபீஸும் மனைவியும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு ஓரமாக உட்கார்ந்து, டென்னிஸ் பந்தயம் பார்க்கிறவர்கள்போலத் தலையை அங்குமிங்கும் திருப்பினார்கள். நடுவே தலைவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'பலகையுடன் புகைப்படம்? புன்னகை அவசியம்.' அவள் போனைக் கவிழ்த்து வைக்க நினைத்தாள், அதே போனில்தான் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு வரி மாறியது. அந்த ஒரு வரிக்கு இத்தனை வசவு. அரைப்புள்ளி எல்லாக் கிழமையையும் ஓட்டிப் பார்த்து, "இப்ப சரி," என்றான். தாடி முத்திரை குத்தினார். ஐந்தாம் திங்கள் நாற்பது ஆஸ்பத்திரிக்கும் புறப்பட்டது.

"விலகறதை வாபஸ் வாங்கிக்கறீங்களா?" அவள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி, கேட்டாள்.

தாடி மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தாள். "இல்ல மேடம்," என்றார். குரலில் கோபம் போயிருந்தது. "இப்பத்தான் போக முடியும்போல இருக்கு." பிறகு போனைப் பார்த்து, "யோவ், உனக்குன்னு சொந்தமா ஒரு சாவி இருக்கா?"

"இருக்கு. ஒம்பது வருஷமா இருக்கு. யாரும் கேக்கலை."

"பெறுபவர்ல உன் பேரைப் போடட்டுமா?"

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குங்க மேடம்," என்றான் தாடியிடம் சொல்லாமல் அவளிடம். "சரி. போடுங்க."

அவள் 'சமூகம்' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே அவன் பெயரை எழுதினாள். தாடியின் மனைவி அருகில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் போதுமா?"

"போதாதுங்க."

"அப்புறம்?"

"இப்போதைக்கு ஒருத்தர் கிடைச்சிருக்கார்," என்றாள் அவள். பத்து வருஷம் கழித்து எந்த மாடி ஏற வேண்டியிருக்குமோ என்று இடுப்பு கேட்டது.

ஒரு சடங்கு பாக்கியிருந்தது. புதியவரின் சாவிக்கு நாற்பது குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அதை அவர் தன் குரலில் நான்கு நான்காகப் படிக்க வேண்டும். பழையவர் திரையில் ஒப்பிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் அறக்கட்டளையின் ஆள் ஒருவர் சாட்சி. அப்புறம்தான் பழைய சாவி புதிய சாவிக்கு வழி விடும்.

"ஏழு, பி, ரெண்டு, ரெண்டு," என்று அரைப்புள்ளி ஆரம்பித்தான்.

"சரி."

"சி, ஒம்பது, பூஜ்யம், ஈ."

"சரி."

தாடி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு நான்குக்கும் விரலை நகர்த்தினார். வாரியத்தில் மீட்டர் படிக்கிறவரின் விரல். ஐந்தாவது நான்கு, ஆறாவது நான்கு. அவர் 'சரி' சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடியது. எட்டாவதுக்குப் பிறகு மனைவி எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். சாட்சிக்கு உட்கார்ந்தவள் படிவத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசி," என்றான் அரைப்புள்ளி. "நாலு, ஏ, எட்டு, மூணு."

தாடியின் விரல் மூன்றின் மேல் நின்றது. சரியாகத்தான் இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"கேக்கலை," என்றார் தாடி. "முதல்லேர்ந்து சொல்லு."

வேன் பக்கத்தில் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடிவருகிற சத்தம் கேட்டது, யாரோ கதவைத் தட்டினார்கள். எதையும் விட்டுவைக்காத அரைப்புள்ளி இதை ஆட்சேபிக்கவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க, சத்தம் போடாம உட்காருங்க, ஒரு நிமிஷம்," என்று பிள்ளைகளிடம் சொன்னான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏழு. பி. ரெண்டு. ரெண்டு."